சகோதர நகரமும் பள்ளி நாட்காட்டியும்

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் டொலிடோ, ஜெர்மனியின் எஸ்லிங்கன் இரண்டுடனும் கோவைக்குச் சகோதர நகர உறவு, அதாவது இரு ஊர்கள் நட்பாகப் பழகிக் கொள்ளும் ஒப்பந்தம், உண்டு. இந்த உறவை மேயர் அறையில் மட்டும் வைத்திருந்தால் நிலைக்காது. நம் மாநகராட்சியில் 2016 அக்டோபர் தொடங்கி 2022 மார்ச் வரை மேயரே இல்லை. ஆணையர்களும் மாறுவார்கள். விவரம் தெரிந்தவர் போய்விட்டால் அங்கிருந்து வரும் மின்னஞ்சலுக்குப் பதில் போடக்கூட ஆளிருக்காது. ஸ்பெயினின் டொலிடோவுடன் 1931லேயே உறவு பூண்ட அமெரிக்க டொலிடோவில் இந்த வேலையைத் தன்னார்வ அமைப்பு ஒன்று கவனிக்கிறது. இங்கும் மாநகராட்சிப் பள்ளி, ஐடிஐ, கல்லூரி, தொழில் சங்கம் சேர்ந்த நிலைக்குழு வேண்டும்.

மாணவர் பரிமாற்றம் பெரும்பாலும் தேதியில்தான் இடறும். எஸ்லிங்கன் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை போகும். நமக்கு லீவு விடும் மே மாதத் தொடக்கத்தில் அங்கே வகுப்பு நடக்கும். நம் பிள்ளைகள் போய் உட்கார அதுவே தோதான சமயம். ஆனால் பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகையை ஒட்டி அங்கே இரண்டு வார விடுமுறை வரும், அதன் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். அதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டால் பூட்டிய பள்ளியைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். அவர்கள் இங்கு வருவதற்கு அக்டோபர் கடைசி இலையுதிர் விடுமுறை ஏற்றது. தீபாவளியும் ஒட்டி வந்துவிட்டால் நம் வீட்டில் தங்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் ஏது?

மே பயணத்துக்கு மாணவர்களை நவம்பரிலேயே தேர்வு செய்துவிட வேண்டும். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பலரிடம் பாஸ்போர்ட் இருக்காது. பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் வேறு இனிஷியல் என்றால் திருத்தவே வாரக்கணக்கில் ஆகும். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும், 18 வயதுக்குக் கீழிருந்தால் பெற்றோர் இருவரின் ஒப்புதலும் தேவை. செலவை அங்குள்ளவர்கள் ஏற்றால், உடன் செல்லும் அரசு ஆசிரியருக்கு வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்க உள்துறை அமைச்சகத்தின் முன்அனுமதி வேண்டும். அங்கிருந்து வரும் நன்கொடையைப் பள்ளிக் கணக்கில் போடச் சொல்லவே கூடாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவோ முன்அனுமதியோ பெற்று, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வாங்க முடியும். வெளிநாட்டுப் பிள்ளையைத் தங்க வைக்கும் வீட்டார் 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் தகவல் பதிய வேண்டும்.

இணைய வகுப்புக்கு எஸ்லிங்கன் வசதி: இங்கே பிற்பகல் 2 மணி என்றால் கோடையில் அங்கே காலை 10.30. டொலிடோவில் அப்போது விடியற்காலை 4.30. அவர்களோடு பதிவு செய்த காணொளிகளை மாற்றிக்கொள்வதே நடக்கக்கூடியது.

பம்ப், மோட்டார் செய்யும் நம் ஊருக்கும் இயந்திரத் தொழிலில் ஊறிய எஸ்லிங்கனுக்கும் பொருத்தம் அதிகம். பட்டறையிலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிக் கற்பிக்கும் ஜெர்மன் முறையைப் பார்க்க, முதல் குழுவில் ஐடிஐ பயிற்றுநர்களை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பீளமேடு, கோவை.