மார்ச்சிலும் அக்டோபரிலும் நான்கு வரி இடம் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாரண்யம் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பத்தோரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். தங்கள் நாளிதழை எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் காலை ஆறரைக்கு வாசிப்பவர்களில் ஒருவன். ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். வருடத்தில் இரண்டே நாள், மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், பிபிசி உலக சேவையின் ஆங்கில ஒலிபரப்பு சிற்றலையில் (ஷார்ட்வேவ்) எந்தெந்த அலைவரிசையில், இந்திய நேரப்படி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை கிடைக்கும் என்று நான்கு வரி போடுங்கள். அவ்வளவுதான்.

ஏன் அந்த இரண்டு ஞாயிறு என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். பண்பலை நிலையம் வருடம் முழுக்க ஒரே எண்ணில் இருக்கும். சிற்றலை அப்படி இருக்க முடியாது. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வரும் அந்த அலை, வானில் வெகு உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு வளைந்துதான் நம் வீட்டுக்கு இறங்குகிறது. அந்த மண்டலத்தை உண்டாக்குவது சூரியன். உச்சி வெயிலில் 15, 17 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகள் கணீரென்று வரும். பொழுது சாய்ந்து நேரம் ஆக ஆக அவை திரும்பாமல் மேலே போய்விடும். அப்போது 6, 7, 9 மெகாஹெர்ட்ஸ்தான் கைகொடுக்கும். கோடைக்கு ஒரு கணக்கு, மார்கழிக்கு ஒரு கணக்கு. இதற்கு மேல், சுமார் பதினோரு வருடத்துக்கு ஒரு சுற்றாக சூரியனில் புள்ளிகள் கூடிக் குறைவதும் சேர்ந்துகொள்ளும். அதனால் உலகத்துச் சிற்றலை நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழாதபடி தங்களுக்குள் பேசி, ஆண்டை 'ஏ', 'பி' என்று இரண்டு பருவமாகப் பிரித்துக்கொண்டு அட்டவணை போடுகின்றன. ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தும் அதே ஞாயிறுகளில்தான் பருவமும் மாறுகிறது. நேற்று வரை முள் எங்கே நின்றால் லண்டன் பேசியதோ, மறுநாள் அதே இடத்தில் வேறொரு நாடு வேறொரு மொழியில் பேசிக்கொண்டிருக்கும்.

இது எனக்குப் பழகிப்போன விஷயம். 1977-ல் என் மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு வானொலிப் பெட்டி கொண்டுவந்தார். அதற்குத் தபால் நிலையத்தில் வருடா வருடம் உரிமக் கட்டணம் கட்டிய காலம் அது. எங்கள் கரையில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம்போல் கேட்கும். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸும் சுத்தமாக வரும். ஆனால் நான் மல்லுக்கட்டியது சிற்றலையோடுதான். கொல்லைப்புற முருங்கைக்கும் கூரைக்கும் நடுவே செம்புக் கம்பி கட்டி, அதன் நுனியை ஏரியலில் சுற்றிவைத்தேன். மாலையில் பிபிசி 9740 கிலோஹெர்ட்ஸில் கேட்கும். பல வருடம் கழித்துத்தான் அது சிங்கப்பூரின் வடகோடியில் கிராஞ்சி என்ற இடத்திலிருந்த மறுஒலிபரப்பு நிலையத்திலிருந்து வருவது என்று தெரிந்தது. லண்டன் செய்தி எனக்கு மாமா உழைத்த ஊர் வழியாக வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த கிராஞ்சி நிலையம் 2023-ல் மூடப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

உலக சேவையின் நேரக் கணக்கு கிரீன்விச் நேரத்தில் ஓடுவது. நமக்கு அதனோடு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அங்கே முழு மணிக்கு வரும் செய்தி இங்கே ஏழரை, எட்டரை என்று அரை மணியில் வரும். செய்திக்கு முன் ஐந்து குட்டை 'பீப்', ஆறாவது மட்டும் நீளம். ஆறாவது தொடங்கும் நொடிதான் சரியான நேரம். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை இன்றைக்கும் அதை வைத்துத்தான் திருத்துகிறேன். பூமி சுற்றுவதையும் நேர வித்தியாசத்தையும் பாடப் புத்தகத்தில் படித்துக் குழம்பிய பிள்ளைகளுக்கு, 'கிரீன்விச்சில் மத்தியானம் இரண்டு மணி, நமக்கு ராத்திரி ஏழரை' என்று சொன்னால் ஒரே நாளில் புரிந்துவிடும்.

வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். காலையில் கரும்பலகையின் வலது மூலையில் முந்தைய இரவு செய்தியில் கேட்ட மூன்று ஆங்கிலச் சொற்களை எழுதுவேன். பொருள் சொல்ல மாட்டேன். சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் அகராதி பார்த்தோ, அண்ணன் அக்காவைக் கேட்டோ கண்டுபிடித்து வர வேண்டும். சீஸ்ஃபயர், டர்ன்அவுட், ஹாஸ்டேஜ் எல்லாம் அப்படி வந்தவைதான். 1999 அக்டோபர் கடைசியில் ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியபோது 'லேண்ட்ஃபால்' என்று எழுதினேன். உப்பளத்தில் வேலை செய்பவர் மகள் ஒருத்தி மட்டும் சரியாகச் சொன்னாள்: 'புயல் கரையைக் கடக்கிறது சார்.' அவள் இப்போது மஸ்கட்டில் செவிலியராக இருக்கிறாள். வேலைக்கான நேர்முகத்தில் ஆங்கிலம் கேட்டுப் புரிந்துகொள்வதில் தனக்குப் பயமே இருக்கவில்லை என்று ஊருக்கு வந்தபோது சொன்னாள். படித்து வரும் ஆங்கிலம் ஒன்று, காதால் வரும் ஆங்கிலம் இன்னொன்று. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாவதைக் கொடுக்க என்னிடம் இருந்த ஒரே கருவி அந்தப் பெட்டி.

வேறு நிலையங்களும் உதவின. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-லிருந்து 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்று ஒன்று நடத்தியது. சுமார் ஆயிரத்தைந்நூறு சொற்களுக்குள், வாக்கியத்துக்கு ஒரே கருத்தாக, நிறுத்தி நிதானமாகச் செய்தி வாசிப்பார்கள். ஆங்கிலம் கற்பவனுக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. ரேடியோ ஆஸ்திரேலியா இருந்தது, ரேடியோ நெதர்லாந்து இருந்தது. நெதர்லாந்தின் ஆங்கில ஒலிபரப்பு 2012-ல் நின்றது. ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31-ஆம் தேதியோடு சிற்றலையை நிறுத்தியது. நம் ஆகாசவாணியின் தேசிய அலைவரிசை, 1988-லிருந்து நாகபுரியின் 1000 கிலோவாட் ஒலிபரப்பி மூலம் இரவு முழுக்கப் பேசியது, 2019 ஜனவரியில் மூடப்பட்டது. 2025 மார்ச்சில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவும் முடங்கியது. பிபிசி தமிழோசை, 1941-ல் தொடங்கியது, 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி கடைசியாக ஒலித்தது. அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. லண்டனிலிருந்து சிற்றலையில் எங்களுக்கு மிஞ்சியது ஆங்கிலம்தான். மிஞ்சியதையாவது தவறவிடக் கூடாது என்பதால்தான் இந்த நான்கு வரியைக் கேட்கிறேன்.

கைபேசி இருக்கிறதே, இணையத்தில் கேட்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். என் பேரன் அதைத்தான் கேட்டான். 2018 நவம்பருக்குப் பிறகு அவன் கேட்பதில்லை.

நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்கு முன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. கரும்பலகையில் நான் எழுதிய சொல் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. விடிந்து பார்த்தால் தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. கைபேசிக் கோபுரம் செத்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் கைபேசிக்கு சார்ஜ் ஏற்ற ஊரே வரிசையில் நின்றது. ஏற்றி வந்தாலும் சிக்னல் இல்லை. என் டிரான்சிஸ்டருக்கு இரண்டு பேட்டரி போதும். நிவாரணம், சாலை, முகாம் பற்றிய விவரத்தை நம் வானொலிகளில் தமிழில் கேட்டு அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தேன். நான்காம் நாள் இரவு, உலகத்தில் என்ன நடக்கிறது, நம்மைப் பற்றி யாராவது பேசுகிறார்களா என்று பார்க்க சிற்றலைக்குத் திருப்பினேன்.

அங்கேதான் சிக்கல். அக்டோபர் 28-ஆம் தேதி பருவம் மாறியிருந்தது. சென்னையிலிருக்கும் என் மகன்தான் வழக்கமாக இணையத்தில் புதுப் பட்டியலைப் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். தீபாவளி வேலையில் அந்த முறை தாமதம். அனுப்புவதற்குள் புயல் வந்துவிட்டது. பட்டியல் உலகத்தில் இருந்தது, என் கையில் இல்லை. இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். பழைய எண்ணில் இரைச்சல். அலைநீளத்தைக் குறிக்கும் 31 மீட்டர் பகுதியில் ஒரு முறை, 25 மீட்டரில் ஒரு முறை, முடியளவு முடியளவாக முள்ளை நகர்த்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கூரை பறந்திருந்தது. அரை மணிக்கு மேல் ஆயிற்று. பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேறு. கடைசியில் அந்த ஐந்து குட்டை பீப், ஒரு நெட்டை பீப்.

கலிஃபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் காட்டுத் தீயில் எரிந்துபோனதைப் பற்றி வாசித்தார்கள். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். சொந்தக் கூரையை இழந்து இருட்டில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, 'அந்தப் புள்ளைவளுக்கு யாரு தம்பி சோறு போடுறா?' என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த இரவை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்வது எங்கள் ஊருக்கு மட்டும் பொருந்துவதல்ல. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தொலைபேசியும் இணையமும் முடக்கப்பட்டபோது பிபிசி சிற்றலையில் இந்தி, ஆங்கில ஒலிபரப்பு நேரத்தைக் கூட்டியது. உருதுவில் புதிதாகவே ஒன்று தொடங்கியது. 2022 மார்ச்சில் உக்ரைன் போரின்போது அந்நாட்டு நேரப்படி மாலை 4 முதல் 6 வரை 15735 கிலோஹெர்ட்ஸிலும், இரவு 10 முதல் 12 வரை 5875 கிலோஹெர்ட்ஸிலும் ஆங்கிலச் செய்தியைச் சிற்றலையில் அனுப்பியது. பல நாட்டுப் பத்திரிகைகள் இந்த இரண்டு எண்களையும் அப்படியே செய்தியாக அச்சிட்டன. ஒரு பத்திரிகை வானொலியின் அலைவரிசையை அச்சிடுவது தகுதிக் குறைவான வேலையல்ல. நம் நாளிதழ்களும் ஒரு காலத்தில் தினமும் வானொலி நிகழ்ச்சிப் பட்டியல் போட்டவைதான். 'லண்டன் காலிங்' என்ற நிகழ்ச்சி இதழைத் தபாலில் நேயர்களுக்கு அனுப்பிய காலமும் உண்டு. இப்போது பட்டியல் முழுக்க இணையத்துக்குப் போய்விட்டது. இணையம் நன்றாக இருக்கிறவருக்குச் சிற்றலை தேவைப்படுவதில்லை. சிற்றலை தேவைப்படுகிறவருக்கு அந்த இணையம் கிடைப்பதில்லை. இடையில் இருப்பது தங்கள் தாள் ஒன்றுதான். அதைக் கத்தரித்துப் பெட்டியின் முதுகில் ஒட்டிவைத்தால் ஆறு மாதம் நிற்கும்.

நான்கு வரியில் என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலை ஒலிபரப்புக்கு ஒரு வரி, மாலைக்கும் இரவுக்கும் இரண்டு வரி: கிலோஹெர்ட்ஸ், மீட்டர், இந்திய நேரம். மீட்டர் அவசியம், ஏனென்றால் முள் வைத்த பழைய பெட்டிகளில் 31, 25, 19 என்றுதான் போட்டிருக்கும். நான்காவது வரியில் நம் ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தி நேரங்கள். கிரீன்விச் நேரத்தை அப்படியே போட்டுவிட வேண்டாம். கூட்டிப் பார்ப்பதில் பலரும் தவறிவிடுகிறார்கள்.

தங்கள் அலுவலகத்தில் இதற்கு ஆள் ஒதுக்குவது சிரமம் என்றால் அந்த வேலையை நான் செய்கிறேன். 1981-லிருந்து பருவத்துக்கு ஒரு பக்கமாக நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். எந்த எண் எங்கள் கடற்கரையில் எந்த மணியில் தெளிவு, எது கரகரப்பு என்று அதில் இருக்கிறது. புதுப் பட்டியல் வெளியானதும் மகன் மூலம் வாங்கி, பருவம் மாறும் ஞாயிறு காலையிலும் இரவிலும் ஒவ்வொரு எண்ணிலும் கேட்டுப் பார்த்து, கேட்டதை மட்டும் எழுதி அனுப்புவேன். அது ஞாயிறு இதழுக்குள் முடியாது, திங்கள்கிழமை இதழில் வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.