கலை மாணவருக்குச் சுருக்கிய வேதியியல் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரியில் அறிவியல் மாணவருக்கு ஒரு வேதியியல் பாடத்திட்டமும், வரலாறோ வணிகவியலோ படிப்பவருக்கு வேறொன்றும் வைப்பது சரியான ஏற்பாடே. ஆனால் இந்த இரண்டாவது பாடத்திட்டம் பெரும்பாலும் முதலாவதில் கடினமான அத்தியாயங்களை நீக்கிய பிறகு மிஞ்சியதாகவே இருக்கிறது. ஆர்பிட்டால், மோல், சமன்பாடு என்று தொடங்கி, இவையெல்லாம் எதற்கு என்பது விளங்குமுன்பே பருவம் முடிந்துவிடுகிறது.

மேற்கொண்டு வேதியியல் படிப்பவருக்கு அந்த வரிசை வேண்டும். எலக்ட்ரான் அமைப்பு தெரியாமல் பிணைப்பு புரியாது, பிணைப்பு புரியாமல் கரிம வேதியியல் புரியாது. மற்றவருக்குப் பாடம் ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். ஹைப்போகுளோரைட் கலந்த பிளீச்சுடன் கழிவறை கழுவும் அமிலத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு ஏன் கிளம்புகிறது என்று கேட்டால், அமிலமும் ஆக்சிஜனேற்றமும் வகுப்புக்குள் தாமாக வந்துவிடும். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்களால் ஓசோன் படலம் சிதையும் என்று 1974இல் வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்ததையும், அவற்றைக் கட்டுப்படுத்த 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானதையும் சேர்த்துப் படிக்கும் அரசியல் மாணவருக்கு, ஒரு குளோரின் அணு தான் அழியாமலே ஓசோன் மூலக்கூறுகளை அடுத்தடுத்துச் சிதைப்பது வினையூக்கத்துக்கு மறக்கமுடியாத எடுத்துக்காட்டாகிவிடும்.

கலை மாணவருக்குக் கணக்கு வராது என்று சொல்லி எண்களை அகற்றுவதைத்தான் என்னால் சிறிதும் ஏற்க இயலவில்லை. வரவு செலவுக் கணக்கைச் சரிபார்க்கும் வணிகவியல் மாணவருக்கு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதா புரியாது? குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. பி.எச். மதிப்பு 7இலிருந்து 5க்கு இறங்கினால் அமிலத்தன்மை நூறு மடங்கு கூடுகிறது. இவற்றைப் படித்துப் பொருள்கொள்ளத் தெரியாதவருக்குத் தனிம வரிசை அட்டவணை மனப்பாடமாக இருந்தும் பயனில்லை.

ஆய்வகத்தையும் அவர்களுக்கு மறுக்கக்கூடாது. நீரின் கடினத்தன்மையை அறிய, கால்சியம், மக்னீசியம் அயனிகளைப் பிணைத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துத் தரம்பார்க்கும்போது, குடுவையில் நிறங்காட்டி சேர்த்த நீர் ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் முடிவுநிலை ஏறத்தாழ ஒரே சொட்டில் வந்துவிடும். அதைத் தவறவிட்டவர், மூன்று முறை செய்து அளவீடுகள் ஒத்துவந்தால்தான் எண்ணை நம்பலாம் என்பதைத் தாமே உணர்ந்துகொள்வார். விரிவுரையில் இதைப் புரியவைப்பது கடினம்.

அறிவியல் மாணவரும் இந்தப் பகுதிகளைப் படிக்கலாம். ஒரு வேதிவினை படிப்படியாக நடக்கும் வழிமுறையைப் பிழையின்றி எழுதுபவரே, எல்லாப் பொருளும் ரசாயனம்தான் என்பதை மறந்து, ‘ரசாயனம் கலக்காதது’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்குவதும் நடக்கத்தான் செய்கிறது.

தேர்வு மாறாமல் பாடம் மாறாது. வரையறைகளை ஒப்பிக்கச் சொல்வதை விடுத்து, ஒரு நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கையில் கொடுத்து, இந்த நீரைக் குடிக்கலாமா, கூடாதெனில் எந்த அளவினால் என்று கேட்கும் வினாத்தாளைப் பாடத்திட்டக் குழுக்கள் முதலில் வகுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்