சீட்டில் எழுதியது நோயின் பெயர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் மருத்துவப் பக்கத்தில் தலைவலி பற்றி வந்த கட்டுரையில் மாத்திரை, பத்தியம், தூக்கம் எல்லாம் இருந்தன. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதித் தரும் 'செபலால்ஜியா' பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. தக்கலைப் பக்கம் மருந்துக்கடை நடத்தும் என்னிடம் அதைக் காட்டி விளக்கம் கேட்பவர்கள் நிறைய.

குளச்சலிலிருந்து வந்த ஒரு அம்மா, நாலாக மடித்த சீட்டைப் பர்சிலிருந்து எடுத்து நீட்டி, "அண்ணாச்சி, மூளையில கட்டிண்ணா எழுதியிருக்கு?" என்றார். ஸ்கேனுக்காக வளையலை அடகு வைக்கும் பேச்சு வீட்டில் தொடங்கியாயிற்றாம். தலைவலி என்றுதான் எழுதியிருக்கிறது என்றேன். "அத நான்தான டாக்டருட்ட சொன்னேன்!" என்று கோபப்பட்டார். நியாயமான கோபம்.

கிரேக்கத்தில் கெஃபாலே தலை, ஆல்கோஸ் வலி, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பிலும் வெறும் தலைவலி, அறிகுறிகள் பகுதியில் ஆர் 51 என்றே இருக்கிறது. மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலிக்கு நரம்பு நோய்களில் தனி எண், ஜி 43. காரணம் பிடிபடும்வரை மருத்துவர் அறிகுறியை எழுதுவதில் தவறில்லை. பொருளைச் சொல்லாமல் அனுப்புவதுதான் வினை. நம் எல்லையோரத்துப் பெரியவர்கள் 'சென்னிக்குத்து' என்றால், ஒரு பக்கமாகக் குத்தும் வலி என்றாவது விளங்குகிறது.

எந்த வகை என்பதுதான் முக்கியம். மருந்தில்லாவிட்டால் மைக்ரேன் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். குமட்டும், வெளிச்சம் ஆகாது. இறுக்கத் தலைவலி இரு பக்கமும் அழுத்தும், நடந்தால் வலி அதிகமாகாது. என் கடையில் அதிகம் பார்ப்பது மூன்றாவது வகை: மாத்திரையே வளர்க்கும் தலைவலி. ஏற்கெனவே தலைவலி உள்ளவர், சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தைத் தாண்டியும் விழுங்கினால் இது வரும். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும். "தலைவலிக்கு ரெண்டு தாங்க" என்று தினமும் கேட்பவரிடம் இதைச் சொன்னால், வியாபாரம் தெரியாதவன் என்று பார்க்கிறார்கள்.

மருத்துவர்கள் 'செபலால்ஜியா' என்ற சொல்லின் கீழே, என்ன வகை என்று சந்தேகிக்கிறோம் என்பதைத் தமிழில் ஒரு வரி எழுதித் தரட்டும். திடீரென்று இடி விழுந்தாற்போல வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் இருந்தால் கடைக்கு வராமல் நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் தங்கள் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தக்கலை, குமரி மாவட்டம்.