மாமி கேட்டால் என்ன சொல்வது

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம்.

கும்பகோணத்தில் கீழ்வீட்டு மாமி, "உங்க சாமியைப் பத்திச் சொல்லேன்" என்று கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களாகக் கேட்டது பெரிய காரியம், மக்களே. அவசரப்பட்டுக் கெடுத்துவிடாதே.

முதலில் பேச்சைக் கவனி. சபையில் நாம் பேசிப் பழகிய தமிழ், வாசலைத் தாண்டினால் வேறு பொருள் தரும். யோவான் 3ஆம் அதிகாரத்தை எடுத்து, "மறுபடியும் பிறக்க வேண்டும்" என்று தொடங்கினால் மாமி காதில் விழுவது அடுத்த ஜென்மம். பிறவி வேண்டாம் என்றுதான் அவர்கள் கும்பிடுகிறார்கள். நீ போய் இன்னொரு பிறவி எடுக்கச் சொன்னது போல ஆகிவிடும். "இந்தப் பிறவியிலேயே கடவுள் தருகிற புது வாழ்வு" என்று சொல். வெறுமனே 'ஆவி' என்றால் பேய். 'பாவி' என்பது தெருவில் வசவு. ஆகவே "நாம் எல்லோரும் பாவிகள்" என்று ஆரம்பிக்காமல், "என் மனசில் இருக்கிற குற்றத்தை என்னால் கழுவ முடியவில்லை" என்று உன்னிலிருந்து தொடங்கு. 'வேதம்' என்றால் அவர்களுக்கு ரிக், யஜுர். பைபிள் என்றே சொல்லிவிடு.

'தேவன்' என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. ஜெர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் செய்த பழைய பைபிள் மொழிபெயர்ப்பில் 'பராபரன்' என்று இருந்தது. 1871இல் வந்த மொழிபெயர்ப்பில், இன்று நம் கையில் இருப்பதில், 'தேவன்'. இந்திரனும் வருணனும் தேவர்கள் என்று கேட்டு வளர்ந்தவருக்கு அது பலரில் ஒருவர். 1995இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டுகளான நம்மவரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. மாமிக்கு வாசிக்கக் கொடுப்பதானால் அதைக் கொடு.

அவர்கள் கும்பிடும் சாமியைப் பற்றி ஒரு குறைச்சொல் உன் வாயிலிருந்து வரக்கூடாது. பிசாசு என்கிற சொல் வரவே கூடாது. அத்தேனே என்கிற ஏதென்ஸ் பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல், "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதியிருந்த அந்த ஊராருடைய பலிபீடத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்கினார். அவர்களுடைய புலவர் சொன்னதையே எடுத்துக் காட்டினார். எபேசு பட்டணத்தில் பவுலின் கூட்டாளிகளுக்கு எதிராகக் கலகம் எழும்பியபோது, இவர்கள் நம் தேவியைத் தூஷிக்கவில்லை என்று அந்த ஊர் அதிகாரியே சாட்சி சொன்னான். அப்போஸ்தலர் 19:37ஐ எடுத்துப் பார்.

செவ்வாய், வெள்ளி, விளக்கு வைக்கும் நேரம் இதிலெல்லாம் பேசப் போகாதே. செருப்பைப் படிக்கு வெளியே விடு. பைபிளைத் தரையிலோ, கால் படும் இடத்திலோ வைக்காதே. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் அவர்கள். உன் வேதத்தை நீயே மதிக்கவில்லை என்று நினைப்பார்கள்.

பிரசாதம் கொடுத்தால் முகம் சுளிக்காதே. இரண்டு கையாலும் வாங்கி, "எங்கள் வழக்கத்தில் படைத்ததைச் சாப்பிடுவதில்லை, மாமி, தப்பா நினைக்காதீங்க" என்று அன்றைக்கே சொல்லிவிடு. வாங்கிக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டு, அது அவர்கள் கண்ணில் பட்டால் அத்தோடு எல்லாம் முடிந்தது. உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் மருந்தும் கஞ்சியும் வாங்கிக் கொடு. ஜெபிக்கலாமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும், தலையில் கை வைக்காமல் இரண்டு நிமிஷம் தமிழில் ஜெபி. சுகமாகும் என்று வாக்குக் கொடுக்காதே, மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே. உதவிக்கும் விசுவாசத்துக்கும் முடிச்சுப் போடாதே. ஆசைகாட்டி மதம் மாற்றுவது பல மாநிலங்களில் குற்றம், அதற்கும் முன்னே அது பொய்.

அவர்கள் வழக்கத்துக்கு இசைந்து போவதற்கும் ஓர் எல்லை உண்டு, அது சாதி. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் தெ நொபிலி காவி உடுத்தினார், மரக்கறி உண்டார், சமஸ்கிருதம் கற்றார் என்று மெச்சுகிறோம். ஆனால் உயர்சாதியாரிடம் போவதற்காக ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களிடமிருந்து விலகி வாழ்ந்தார். அந்தப் பிளவு பிறகு கிறிஸ்தவக் கோயிலுக்குள்ளேயே சுவராக நின்றது. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதி பிரித்த தடுப்பை 1910இல்தான் இடித்தார்கள். ஆகவே மாமி, "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டால் மழுப்பாதே, உயர்த்தியும் சொல்லாதே. "எங்கள் பந்தியில் அந்தக் கேள்வி இருக்கக் கூடாது, மாமி. ஆனாலும் எங்களிடமும் இன்னும் இருக்கிறது" என்று உண்மையைச் சொல். அவர்கள் மனசு நோகும் என்று இதை மட்டும் விட்டுக்கொடுக்காதே.

எங்கிருந்து வாசிப்பது என்று கேட்டாய். லூக்கா 15, இளைய குமாரன். தகப்பன் உயிரோடு இருக்கையில் மகன் பாகப்பிரிவினை கேட்பது எவ்வளவு பெரிய அவமானம் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வருகிற மகனைக் கண்டு அந்த வயசாளித் தகப்பன் ஓடுகிறார் என்ற இடத்தில் நிறுத்தி, மாமி என்ன சொல்கிறார்கள் என்று கேள். அவர்கள் பேசி முடிக்கும்வரை நீ பேசாதே.

கிறிஸ்மஸ் தட்டுக்குக் கேக் வேண்டாம், முட்டை இருக்கும். முந்திரிக்கொத்து செய்து அனுப்புகிறேன்: பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், எள், மேலே அரிசிமாவு. மீன் பொரித்த சட்டியில் அல்ல, புதுச் சட்டியில் புது எண்ணெயில் பொரிப்பேன். அதையும் மாமியிடம் சொல்லிக் கொடு.

அம்மா