கோடியக்கரை உப்பு லாரி அண்ணனுக்கு

தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்துவிட்டு, கோடியக்கரை சரணாலயத்துக்குப் போயிருந்தோம். வெளிமான் கூட்டம், மட்டக்குதிரைகள் எல்லாம் பார்த்துத் திரும்பும்போது, ராமர் பாதம் அருகே அம்மாவுக்குத் தலைசுற்றல். வெயில் அப்படி.

அண்ணே, கை காட்டும் முன்பே லாரியை நிறுத்தினீர்கள். உங்கள் மோரை அம்மாவுக்குக் கொடுத்து, முன்சீட்டில் உட்காரவைத்து, வேதாரண்யம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தீர்கள். அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏறி முடியும்வரை வெளியிலேயே காத்திருந்தீர்கள். லோடு தாமதமானதைப் பற்றி மூச்சு விடவில்லை. பணம் நீட்டினால், “இளநீர் வாங்கிக் குடுங்க தம்பி” என்று கிளம்பிவிட்டீர்கள்.

அம்மா இப்போது நலம். பூநாரை வரும் பருவத்தில் மறுபடி போகணுமாம்! வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் இதை அந்த அண்ணனிடம் சேர்த்துவிடுங்கள்.