செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வேலைகளை ஒரே பலகைக்குக் கொண்டுவந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் குடும்பங்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயற்குழு மாதந்தோறும் கூடியது. உறுப்பினர் சேர்க்கையும் சந்தா விவரமும் கணக்கறிக்கையின் இணைப்பில் இருக்கின்றன. அவற்றை நான் திரும்பச் சொல்லவில்லை. இந்த ஆண்டு நம் சங்கம் வேலை செய்யும் முறையே மாறியிருக்கிறது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள் நினைவிருக்கும். பூங்கா மோட்டாருக்கு வாரண்டி இருக்கிறதா? மழைநீர் வடிகாலை எந்தத் தெரு வரைக்கும் தூர்வாரினோம்? தெருவிளக்குப் புகார் கொடுத்தாயிற்றா, அதன் எண் என்ன? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஆனால் ஒன்று ஒருவர் போனில், ஒன்று இன்னொருவர் டைரியில், ஒன்று ஊர் மாறிப்போன பழைய நிர்வாகியின் நினைவில் இருந்தது. வாட்ஸ்ஆப் குழுவில் போட்ட படங்கள் காலை வணக்கச் செய்திகளுக்கு அடியில் புதைந்துவிட்டன. வேலை செய்தவர்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அதனால் அலுவலகங்களில் பயன்படுத்தும் பணி மேலாண்மை மென்பொருள் ஒன்றைச் சங்கத்துக்கும் வைத்துப் பார்க்கலாம் என்று செயற்குழு முடிவு செய்தது. ட்ரெல்லோவை எடுத்துக்கொண்டோம். 2011இல் வந்த இது 2017 முதல் அட்லாசியன் நிறுவனத்திடம் இருக்கிறது. திரையில் பத்திகளாகப் பிரித்த ஒரு பலகை, அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. வேலை நகர நகரக் கார்டும் ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு நகரும். இந்த முறை டொயோட்டா தொழிற்சாலைகளில் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த உற்பத்தி முறையிலிருந்து வந்தது. இதே மாதிரியான கட்டற்ற மென்பொருளான வீகானை நம் சொந்த சர்வரிலேயே நிறுவலாம் என்று இளைஞர் அணியில் ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள நிலையான ஆள் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை அதைத் தள்ளி வைத்திருக்கிறோம்.

நம் பலகையில் ஐந்து பத்திகள்: வந்தவை, இந்த மாதம், நடக்கிறது, காத்திருக்கிறது, முடிந்தது. பட்டன்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் கார்டுகளை முழுக்கத் தமிழிலேயே எழுதுகிறோம். சில விதிகளும் வைத்துக்கொண்டோம். ஒரு கார்டுக்கு ஒரே ஒருவர்தான் பொறுப்பு. உதவிக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். ‘குழு பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதிய கார்டை யாரும் பார்த்துக்கொள்வதில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ‘நடக்கிறது’ பத்தியில் ஒரே நேரத்தில் ஐந்து கார்டுக்கு மேல் கூடாது. வாட்ஸ்ஆப்பில் சொன்னது செய்தி மட்டுமே. கார்டாக எழுதிய பிறகுதான் அது சங்கத்தின் வேலை. பில்லும் படமும் சேராமல் எந்தக் கார்டும் ‘முடிந்தது’ பத்திக்குப் போகக் கூடாது.

இந்தக் கடைசி விதியின் அருமை மழைக்கு முன்னால்தான் புரிந்தது. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதையொட்டி நம் நகரில் போட்ட உறைகிணறுகள் பலவற்றில் மண் அடைத்துக் கிடந்தது. இந்த முறை ஒவ்வொரு உறைகிணற்றுக்கும் தனிக் கார்டு போட்டோம். 3ஆவது குறுக்குத் தெரு முனையில் உள்ள கிணற்றின் கார்டை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அதன் முதல் வரி: ‘ஆள் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, மேலிருந்தே பம்பு வைத்துச் சேறு எடுக்க வேண்டும்.’ அதற்குக் கீழே வேலைப் பட்டியல். சேற்றை எடுப்பது. எடுத்த சேற்றை அன்றே வண்டியில் ஏற்றி அனுப்புவது, இல்லாவிட்டால் அடுத்த தூறலில் திரும்ப உள்ளே போய்விடும். வடிகட்டித் தொட்டியின் ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவிப் போடுவது. சாலையோரத்திலிருந்து வரும் குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. மூடியைப் பொருத்துவது. அப்புறம் படம், பில்.

சேறு எடுத்துக் கிணறு சுத்தமாகிவிட்டது. பழைய முறையாக இருந்தால் ‘தூர்வாரியாச்சு’ என்று எழுதி முடித்திருப்போம். ஆனால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் வரியில் டிக் விழவில்லை. அதனால் கார்டு ‘நடக்கிறது’ பத்தியிலேயே நின்றது. அந்தத் தெருவின் பொறுப்பாளரான ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா பிளம்பரைக் கூப்பிட்டு, “தம்பி, அந்த ஒண்ணையும் பாத்துட்டா நான் கார்டை நகர்த்திடுவேன்” என்றார்கள். ஒரு குடம் ஊற்றியதுமே தண்ணீர் எதிர்த்து வந்தது. குழாய்க்குள் புங்கமரத்து வேர் புகுந்து அடைத்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி மாற்றினோம். இது செப்டம்பரில் நடந்தது. அக்டோபர் 15 அன்று சென்னையில் கொட்டிய மழையை எல்லோரும் பார்த்தோம். அன்று அந்த முனையில் தண்ணீர் தேங்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தேங்கியது, மழை விட்டதும் கிணற்றுக்குள் வடிந்தது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையிலும் அப்படியே. எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது என்ற குறிப்பையும் அந்தந்தக் கார்டிலேயே எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த மழைக்கு முன் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்புகளே சொல்கின்றன.

என்னைக் கேட்டால் பலகையில் மிக முக்கியமான பத்தி ‘காத்திருக்கிறது’தான். நாம் செய்து முடிக்கும் வேலைகளைவிடப் பிறரை எதிர்பார்த்து நிற்கும் வேலைகளே அதிகம். ஒரு கார்டு இந்தப் பத்திக்கு வந்தால் யாருக்காகக் காத்திருக்கிறோம், அடுத்து எந்தத் தேதியில் கேட்கப் போகிறோம் என்ற இரண்டையும் அதில் எழுதியாக வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் சென்னை மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசிப் புகார் எண்ணில் பதிவு செய்த புகாரின் எண்ணையும் தேதியையும் கார்டின் தலைப்பிலேயே போடுகிறோம். மறுபடி பேசும்போது “போன மாசமே சொன்னோமே” என்று சொல்வதற்கும், எண்ணையும் நாளையும் சொல்லிக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் தெருப் பொறுப்பாளர்கள் நேரிலேயே பார்த்தார்கள். குறித்த தேதி நெருங்கும்போது மென்பொருளே நினைவூட்டுகிறது. மறந்துபோனதால் மட்டும் ஒரு வேலை கிடப்பில் கிடக்கும் நிலை இப்போது இல்லை.

விழாக்களிலும் நல்ல பலன் கிடைத்தது. சுதந்திர தின விழாவுக்குப் போட்ட கார்டில் பந்தல், ஒலிபெருக்கி, காவல் நிலைய அனுமதிக் கடிதம், குடிநீர் கேன், பிள்ளைகளுக்கான பரிசு, மறுநாள் துப்புரவு எல்லாம் வரிசையாக இருந்தன. பொங்கலுக்கு அதையே நகல் எடுத்து, கோலப்போட்டியையும் உறியடியையும் சேர்த்தோம். விழா முடிந்ததும் எது எவ்வளவு மிஞ்சியது, எது போதவில்லை என்பதையும் மகளிர் அணியினர் எழுதி வைத்தார்கள். அடுத்த விழாக்குழு புதிய ஆட்களாக இருந்தாலும் அவர்களுக்கு இது கைகொடுக்கும்.

எல்லோரும் போனில் பார்ப்பவர்கள் அல்ல என்பதைச் செயற்குழு மனதில் வைத்திருக்கிறது. இலவசத் திட்டத்தில் பத்துப் பேர்தான் சேர முடியும் என்பதும் ஒரு வரம்பு. கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டாம் என்று முடிவெடுத்தோம். செயற்குழு உறுப்பினர்களுக்கு மட்டும் கணக்கு கொடுத்திருக்கிறோம். மற்றவர்கள் நம் பலகைக்கான முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அது ‘வந்தவை’ பத்தியில் கார்டாக விழும். சேர்த்து அனுப்பும் படமும் கூடவே வரும். மின்னஞ்சல் பழக்கம் இல்லாதவர்கள் தெருப் பொறுப்பாளரிடம் சொன்னால் போதும், அவர் எழுதிவிடுவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பலகையின் நிலையை அச்செடுத்து, பூங்கா வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். மாலை நடைக்கு வரும் பெரியவர்கள் அதை வாசித்துவிட்டு, “என்ன, நம்ம தெரு வேலை இன்னும் அங்கேயே நிக்குது?” என்று கேட்கிறார்கள். அவர்கள் தொடர்ந்து கேட்க வேண்டும் என்று உரிமையோடு வேண்டிக்கொள்கிறேன். கார்டுகள் நகர்வதற்கு அந்தக் கேள்விகளும் ஒரு காரணம்.

இனி ஆவணங்கள். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கம் நம்முடையது. தீர்மானப் புத்தகமும் கணக்குப் புத்தகமும் எப்போதும்போல் கையெழுத்துடன் காகிதத்தில்தான் இருக்கும். இந்தப் பலகை அவற்றுக்கு மாற்று அல்ல. ஆனால் ஒவ்வொரு தீர்மானத்தின் எண்ணையும் அது சார்ந்த கார்டில் குறிக்கிறோம். தீர்மானம் என்ன ஆயிற்று என்று யார் கேட்டாலும் கொட்டேஷன், பில், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கார்டை யார் எந்த நாளில் நகர்த்தினார் என்பதும் தானாகவே பதிவாகிறது. தணிக்கையின்போது பொருளாளர் பில் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பீரோவில் இருந்த பழைய வரைபடங்களையும், பூங்கா நீர்க்குழாய் வால்வுகள் எங்கெங்கே மண்ணுக்குள் இருக்கின்றன என்ற குறிப்பையும் இளைஞர் அணியினர் ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். அந்த வால்வுகளின் இடம் தெரிந்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொண்டது இந்த ஆண்டின் நல்ல காரியங்களில் ஒன்று.

ஒரு நிறுவனத்தின் இலவசச் சேவையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பலகையின் தரவை ஜேசான் (JSON) என்ற வகைத் தரவுக் கோப்பாக இறக்கி, இணைத்திருக்கும் பில்களையும் படங்களையும் தனியே எடுத்து, சங்கத்தின் ஹார்டு டிஸ்க்கில் வைக்கிறோம். பலகையின் கணக்கு யாருடைய சொந்த மின்னஞ்சலிலும் இல்லை. சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கிறது. நிர்வாகிகள் மாறும்போது சாவியோடு சேர்த்து அதையும் ஒப்படைக்க வேண்டும். உறுப்பினர்களின் போன் எண், ஆதார் நகல், யார் சந்தா பாக்கி என்ற விவரம் எதையும் பலகையில் ஏற்றுவதில்லை. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அண்டை வீட்டாரின் விவரத்தைக் காப்பது நம் கடமை.

வரும் ஆண்டுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலை இரண்டு விஷயங்களுக்குக் கேட்கிறேன். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாகும் எந்த வேலைக்கும் கார்டு இல்லாமல் பணம் வழங்கக் கூடாது என்பது ஒன்று. புதிய செயற்குழு பொறுப்பேற்கும்போது பழைய குழுவினர் ஒரு மாதம் உடனிருந்து, திறந்திருக்கும் கார்டுகளை ஒவ்வொன்றாக விளக்கி ஒப்படைக்க வேண்டும் என்பது மற்றொன்று.

மழைக்கால வேலைகளுக்கான கார்டுகளை ஜூலை முதல் வாரத்தில் திறக்கிறோம். 2ஆவது பிரதான சாலைக்கும் ஏரிக்கரைத் தெருவுக்கும் இன்னும் தெருப் பொறுப்பாளர் இல்லை. முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் இணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். போனில் எப்படிப் பார்ப்பது என்பதை இளைஞர் அணியினர் வீட்டுக்கே வந்து சொல்லித் தருவார்கள். சேறு எடுத்த தொழிலாளர்கள், தெருப் பொறுப்பாளர்கள், மகளிர் அணி, இளைஞர் அணி, தணிக்கையாளர் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி.

செயலாளர்