கொழுப்பு

அம்முவுக்கு,

கொழுப்பில்லாத சாப்பாடு கொடுத்தால் தம்பிக்கு நோய் குறையாதா, கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்தால் என்ன என்று நேற்று போனில் கேட்டாய். அவசரத்தில், "அது வேற, இது வேற" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரவெல்லாம் அது உறுத்தியது.

அவன் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இல்லை. இந்த வீட்டில் அது எனக்குத்தான் கூடுதல். மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது, ரத்தத்தில் ஓடுவதை உள்ளே விடுவதில்லை. தட்டில் குறைத்தால் அங்கே குறையாது. அவனுக்கு வந்திருக்கும் நீமன்-பிக் சி நோயில் கெட்டிருப்பது கொலஸ்ட்ராலின் அளவல்ல, கைமாற்றம். செல்லுக்குள் லைசோசோம் என்று ஒரு சின்னப் பை. அதற்குள் வந்து சேரும் கொலஸ்ட்ராலை என்பிசி2 என்ற புரதம் பிடித்து, பையின் சுவரில் நிற்கும் என்பிசி1 கையில் கொடுக்க வேண்டும். அதை வாங்கி வெளியே அனுப்ப வேண்டிய ஆளான என்பிசி1 தம்பிக்குச் சரியில்லை. சிலருக்கு அந்தப் புரதம் உருவாகத்தான் செய்கிறது. மடிப்பு சரியில்லை என்று செல்லே அதைச் சுவருக்குப் போகவிடாமல் சிதைத்துவிடுகிறதாம். பை பிதுங்குகிறது. செல்லோ பற்றாக்குறை என்று நினைத்து மேலும் தயாரிக்கிறது. சிறுமூளையின் பர்கின்ஜி செல்கள் இதைத் தாங்காமல் சாகின்றன. அவன் தள்ளாடுவது அதனால்தான். அல்சைமர் என்ற மறதி நோயில் காணும் டௌ புரத முடிச்சுகள் இதிலும், அதுவும் இளம் வயதிலேயே வரும் என்றார் டாக்டர். "அது கிழவர்களுக்குத்தானே?" என்று கேட்டேன். அவர் பேசவில்லை.

பன்னிரண்டு வயதில் அவன் படியில் தடுக்கித் தடுக்கி விழுவானே, ஞாபகமிருக்கிறதா? "கீழே பார்த்து இறங்குடா" என்றால் பார்க்கமாட்டான். "உடம்பெல்லாம் கொழுப்பு" என்று திட்டியது நான். இரண்டு வருடம் கழித்து நரம்பியல் டாக்டர் அவன் முகத்துக்கு முன்னால் விரலை அசைத்தார். பக்கவாட்டில் விரலோடு ஓடிய கண், கீழே போகும்போது நடுவிலேயே நின்றுவிட்டது. தலைதான் குனிந்தது. பிறகு அவன் தோலிலிருந்து வளர்த்த செல்களுக்குச் சாயமேற்றி எடுத்த படத்தைக் காட்டினார்கள். நீல நீலமாகப் பொட்டுகள், அத்தனையும் தேங்கிய கொலஸ்ட்ரால். நான் திட்டிய வார்த்தை நோயாக வந்து உட்கார்ந்திருந்தது.

உன் விஷயம். என்பிசி1-ஐ உருவாக்கும் மரபணுவின் பழுதான பிரதி என்னிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. இரண்டும் அவனிடம் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு பிள்ளைக்கும் 4-ல் 1 வாய்ப்பு. உனக்கு நோய் இல்லை என்று அப்போதே பார்த்துவிட்டார்கள். ஆனால் ஒரு பிரதியைச் சுமக்கும் வாய்ப்பு உனக்கு 3-ல் 2. சுமப்பவருக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை, எங்களைப் பார். உன் துணைக்கும் அதே மரபணுவில் பழுது இருந்தால்தான் பிள்ளைக்கு ஆபத்து. அம்மா உன்னைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறாள். நான் சொன்னால் உத்தரவு மாதிரி இருக்கும், சொல்லவில்லை.

2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அரிமோக்ளோமோல், லெவாசெட்டில்லியூசின் என்று இரண்டு மருந்துகளை இதற்கு அனுமதித்தார்கள். வேரைப் பிடுங்குபவை அல்ல. டாக்டரிடம் கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இப்போதெல்லாம் சிரித்தால் அவனுக்கு முழங்கால் மடங்கிவிடுகிறது, இதுவும் அந்த நோயின் வேலைதான். முன்பு நீ பேச ஆரம்பிப்பதற்குள் நான் ஓடிப்போய் அவனை நாற்காலியில் உட்கார வைப்பேன். இப்போது மணி அடித்தாலே, "அக்காவா?" என்று கேட்டுவிட்டு அவனே போய் உட்கார்ந்துகொள்கிறான்.

அப்பா